ஊர்ப்பாட்டு என்று எழுதியவன்

அந்த இசை உரிமைப் படிவத்தில் பதினோரு கட்டங்கள் இருந்தன. ஒன்பதாவது கட்டம், பயன்படுத்தப்பட்ட மெட்டை ஆக்கியவர் யார் என்று கேட்டது. சிவக்குமார் அரை நிமிடங்கூட யோசிக்கவில்லை. "பாரம்பரியம். எங்கள் ஊரின் திருமண வாழ்த்துப் பாட்டு. ஆக்கியவர் என்று எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

அவன் திருடன் அல்லன். மல்லசமுத்திரத்தில் பருத்தியும் மரவள்ளியும் விளையும் பன்னிரண்டு ஏக்கருக்கு ஒரே வாரிசாகப் பிறந்தவன். அடுத்தவர் காட்டில் ஒரு குச்சிக்கிழங்கைக்கூடப் பிடுங்கி அறியாதவன். பிறகு ஏன் அப்படி எழுதினான்? பந்தலின் ஓரத்தில் நின்று வாழ்த்துப் பாடுகிற நாவிதர் ஒருவர் தம் சொந்த மனத்திலிருந்து ஒரு மெட்டை ஆக்கியிருக்கக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு எழவில்லை. அவ்வளவுதான். மாடு கட்டுத்தறியில் இருக்கிறது, கலப்பை கொட்டகையில் இருக்கிறது, பாட்டு நாவிதர் வாயில் இருக்கிறது. மூன்றும் நம் வீட்டுடையவை. இப்படி அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி அந்த வீடு அவனை வளர்த்திருந்தது.

அவன் கணினி விளையாட்டுகளுக்கு இசையமைப்பவன். 'நெடுவழி' என்ற விளையாட்டு அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது. போருக்குப் போன ஒருவன், முப்பது மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு, தன் ஊர் வாசலுக்குத் திரும்பி வருகிறான். கதவைத் தள்ளினால் ஆட்டம் முடிந்துவிடும். தள்ளாதவரை அந்த இறுதி இசை சுழன்று சுழன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆடியவர்கள் பலர் கதவைத் தள்ளவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம், அரைமணி நேரம் என்று அந்த வாசலிலேயே நின்றார்கள். அப்படி நின்றதை இணையத்தில் எழுதினார்கள். அந்த இசையின் நடு நெஞ்சாக இருந்தது, சிறுவயதில் ஊர்க் கல்யாணங்களில் சிவக்குமார் கேட்ட, சொல்லே இல்லாத ஒரு ராகம்.

அதை அவன் ஹங்கேரி நாட்டுத் தலைநகரில் அறுபத்திரண்டு கலைஞர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தான். செல்லோ என்னும் பெரிய வயலின் வாசித்தவர்களுக்கு அந்த ராகத்தின் மூன்றாவது வளைவு பிடிபடவில்லை. இரண்டு சுரங்களுக்கு இடையே எங்கோ அது வழுக்கி இறங்குகிறது. சிவக்குமார் ஒலிவாங்கியின் முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டு முனகிக் காட்டினான். இசைத்தாளின் நாற்பத்தொன்றாம் தாளப் பட்டையில் ராகம் சட்டென்று அறுபடும். அரை நொடி மௌனம். பிறகு டிம்பனி முரசில் ஒரே ஓர் அடி. பிறகு ராகம் மறுபடி எழும். ஊரில் கேட்டபடியே அந்த மௌனத்தை அவன் தாளில் எழுதியிருந்தான். இசை நடத்துநர் அதைச் சுட்டி, இது துணிச்சலான மௌனம் என்று பாராட்டினார். பின்னர் வந்த விமரிசனங்களும் அதையே சொல்லின. எங்கள் ஊர் மரபு அப்படி என்று பெருமையோடு பதில் சொன்னான் சிவக்குமார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நெடுவழியின் இசையை மேடையில் நேரடியாக வாசிக்கும் சிம்பொனி நிகழ்ச்சி ஒன்று சேலத்துக்கு வருவதாக முடிவாயிற்று. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அறுபத்து நான்கு கலைஞர்கள். பின்னால் பெரிய திரையில் விளையாட்டின் காட்சிகள். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. விளையாட்டு நிறுவனத்தின் தலைவர் பிரபாகர் ஒரு யோசனை சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தப் பாட்டைப் பாடுவதை மூன்று நிமிடம் படம் பிடித்துத் திரையில் காட்டலாம். அது முடியும் இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கலாம். சிவக்குமாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மறுநாளே கேமராவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான்.

மல்லசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே 'அகல்யா முடிதிருத்தகம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்தக் கடைக்காரர் அர்த்தநாரி. அறுபத்து மூன்று வயது. அந்த வட்டாரத்து வேளாண் குடும்பங்களின் திருமணங்களில் வாழ்த்துப் பாடுவது அவருடைய குடும்பத்தின் பொறுப்பு. அவர் ஓரடி பாட, மத்தளக்காரர் ஒரு தட்டுத் தட்ட, அடுத்த அடி. அவர் பாடாமல் அங்கே எந்தக் கல்யாணமும் நிறைவு பெறுவதில்லை. ஆனாலும், பாடி முடித்த பிறகு அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதைப் பந்தலில் யாரும் பார்ப்பதில்லை. அவரைப் பால் குடிக்கும் பிள்ளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். சிவக்குமாரும் அப்படியே கூப்பிட்டு வளர்ந்தவன்.

"வாங்க சாமி" என்றார் அர்த்தநாரி. அவன் தலையைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். "பெங்களூர்ல எவங்கிட்டத் தலையக் குடுத்தீங்க? நீங்க அவனுக்குக் காசு குடுத்தீங்களா, அவன் உங்களுக்குக் குடுத்தானா?"

சிவக்குமார் சிரித்தான். கேமராவை மேசைமேல் வைத்தான். வந்த காரியத்தைச் சொன்னான். முழு வாழ்த்தும் வேண்டாம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தும் இடத்தில் நடுவே சொல்லில்லாமல் வருமே, அந்த ராகத்தை மட்டும் பாடு, போதும் என்றான். பழைய பாட்டு, அழியாமல் பிடித்து வைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

அர்த்தநாரி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார்.

"அது வாழ்த்துல இல்லீங்க சாமி. எங்க ஐயன் பாடுனதில்லை, அவரோட ஐயன் பாடுனதில்லை. அது நானாப் போட்டது."

அவர் கடை வாசலைப் பார்த்தபடி, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால், மூத்த மகள் அகல்யா ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். பன்னிரண்டாவது நாள் சிவக்குமாரின் அத்தை ஸ்ரீதேவிக்குக் கல்யாணம். தீட்டு இருக்கிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். வேறு ஆள் கிடைக்கவில்லை. சிவக்குமாரின் தந்தை குமாரசாமி இரண்டு ஆட்களை அனுப்பினார். வாழ்த்துப் பாடுகிறவனுக்குத் தீட்டுக் கிடையாது, கிளம்பி வரச் சொல் என்றார்.

கேளுங்கள், இதுதான் அந்தச் சட்டத்தின் அழகு. நாவிதர் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு ஆயிரம் தீட்டு உண்டு. பண்ணையார் வீட்டு முகூர்த்தம் தவறிவிடும் என்றால் பிள்ளையைப் புதைத்த ஈரக் கைக்கும் தீட்டுக் கிடையாது!

"பொண்ணு மாப்பிள்ளை நூறு வருசம் இருக்கோணும்னு பாடற எடம் வந்துதுங்க" என்றார் அர்த்தநாரி. "சொல்லு வரல. வாய மூடிக்கிட்டே ராகமா இழுத்தேன். நடுவுல தொண்டை அடைச்சுப்போச்சு. நான் முடிச்சுட்டேன்னு நெனச்சு மத்தளக்காரன் ஒரு தட்டுத் தட்டிப்போட்டான். அதைய மறைக்கறதுக்கு மறுபடியும் இழுத்தேன். எல்லாரும் நல்லா இருக்குதுன்னாங்க. உங்க ஐயன் ஒரு வேட்டி குடுத்தாரு. அடுத்த கல்யாணத்துலயும் அதையே கேட்டாங்க."

இருபத்தைந்து வருடம் அதை எப்படிப் பாடிக்கொண்டிருந்தாய் என்று சிவக்குமார் கேட்டான்.

"எம் புள்ளைக்கு நான் வேற எங்கீங்க பாடறது?"

சிவக்குமாருக்கும் அந்த ஆண்டு ஒன்பது வயது. ஊரில் ஒரே தொடக்கப் பள்ளிதான். அப்படியானால் அகல்யா அவனோடு அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். ஒன்றும் வரவில்லை. ஒரு பின்னல், ஒரு பை, ஒரு குரல், எதுவும் வரவில்லை. ஆனால் அவளுக்காகத் தகப்பன் அழுத அழுகை மட்டும் சுரம் பிசகாமல் நினைவில் இருந்தது. தொண்டை அடைத்த அந்த அரை நொடியை அவன் தாளில் எழுதி, வெளிநாட்டாரிடம் கைதட்டல் வாங்கியிருந்தான்.

கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான். பேட்டரி நிறைந்திருந்தது. அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவன் சொல்லவில்லை. அறியாமல் செய்தது அதுவரை. அந்தக் கடைப்படியை இறங்கிய நொடியிலிருந்து அறிந்தே செய்தது.

அன்று மாலை பிரபாகருக்கு ஃபோன் செய்து, ஒன்பதாவது கட்டத்தில் எழுதியதை மாற்ற வேண்டும் என்றான். பிரபாகர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் படிவத்தின் பேரில்தான் இசைத்தட்டு மூன்று நாடுகளில் வெளியாகியிருக்கிறது என்றார். இப்போது பெயரை நுழைத்தால் வழக்கறிஞர்கள் முதலில் செய்யச் சொல்வது, சேலம் நிகழ்ச்சியிலிருந்து அந்த இசையை எடுத்துவிடுவதுதான். ஆகவே நிகழ்ச்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். படத்தை மட்டும் கைவிட ஒப்புக்கொண்டார்.

தந்தையிடமும் சிவக்குமார் பேசினான். குமாரசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று ஊரில் அவரை யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்தவர். மகன் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, தயிரைப் பிசைந்தபடி பதில் சொன்னார்.

"அவம் பாட்டுன்னு ஏதுடா? நம்ம பந்தல்ல பொறந்தது, நம்மளுது. அன்னைக்கே வேட்டி எடுத்துக் குடுத்தாச்சு."

அந்தப் பிள்ளை செத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது என்பது தெரியுமா என்று மகன் கேட்டான். தெரியும் என்றார் அவர். அதற்காக முகூர்த்தம் நிற்குமா என்று திருப்பிக் கேட்டார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தமில்லை. மழை பெய்ததா என்று கேட்பதுபோலக் கேட்டார். சிவக்குமாரால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தச் சோற்றில் வளர்ந்த உடம்பு தன்னுடையது என்ற எண்ணம் அவனைக் குத்தியது. ஒன்பதாவது கட்டத்தில் தான் எழுதியதையேதான் தந்தையும் சொல்கிறார் என்பது அதைவிட ஆழமாகக் குத்தியது.

மனத்தில் போட்டிருந்த திட்டத்தை அவன் தன் மனைவி தனப்பிரியாவிடம் மட்டும் சொன்னான். ராசிபுரத்தில் கணக்கு ஆசிரியையாக இருப்பவள் அவள். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கமில்லாதவள். மேடையிலேயே, இரண்டாயிரம் பேர் முன்னிலையில், மெட்டு யாருடையது என்று சொல்லிவிடப் போகிறேன், பிரபாகர் என்ன செய்வார் பார்க்கலாம் என்றான் சிவக்குமார். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த வெளிச்சத்தை அவள் நம்பவில்லை.

"ஏனுங்க, மொதல்ல அவருகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். பேருந்து நிலையம் வரை இரண்டு முறை போனான். கடைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, உள்ளே அவர் யாருக்கோ முகச்சவரம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அவரிடம் தனியாகச் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மேடையில் சொன்னால் விளக்கொளி கண்ணைக் கூசும். எவர் முகமும் தெரியாது. மேடைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை மேடை ஏறியவர்கள் அறிவார்கள்.

நிகழ்ச்சிக்கு வா, உனக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது என்று மட்டும் ஃபோனில் சொல்லி, அர்த்தநாரியைக் கூட்டிவரக் கார் அனுப்பினான். அவர் வெள்ளை வேட்டி கட்டி வந்து, முதல் வரிசையில் தனப்பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. கல்லூரி மாணவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்கள், தறிக்கார வீட்டுப் பெண்கள், நெடுவழியை இரவு பகலாக ஆடியவர்கள். விளையாட்டில் வரும் ஓநாய்க் கணவாயின் இசை தொடங்கியதுமே அடையாளம் கண்டு கத்தினார்கள். இசை நடத்துநர் காதில் கருவி மாட்டி, திரைக் காட்சிக்கும் குழுவுக்கும் இடையே ஒரு நொடி பிசகாமல் கொண்டுபோனார். ஹார்ன் ஊதுகுழல்கள் எழுந்தபோது நாற்காலிகள் அதிர்ந்தன. அர்த்தநாரி திரையைப் பார்க்கவில்லை. வயலின் வில்கள் ஒன்றாக மேலேறிக் கீழிறங்குவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் ஒரே மூச்சாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று தனப்பிரியாவிடம் சொன்னார்.

கடைசி இசைக்கு முன்னால் சிவக்குமார் ஒலிவாங்கியை வாங்கினான். நீங்கள் வாசலில் நின்று கேட்ட அந்த மெட்டு என்னுடையது அன்று என்று தொடங்கினான். அது ஊருடையதும் அன்று, ஒரு மனிதருடையது. அவர் இதோ இங்கே இருக்கிறார் என்றான். ஒரு பெருந்துயரத்தில் பிறந்தது இந்த ராகம்; அதை நான் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டேன், மன்னியுங்கள் என்றான். நன்றாகப் பேசினான். அளவுக்கு மீறி நன்றாகப் பேசினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. யாருடைய பந்தல், யார் ஆள் அனுப்பியது, எத்தனையாவது நாள், இவற்றை மட்டும் சொல்லவில்லை.

அரங்கம் எழுந்து நின்றது. அர்த்தநாரியை மேடைக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ச் சால்வை போர்த்தினார்கள். ஆயிரம் ஃபோன்கள் மின்னின. பக்கத்தில் இருந்தவர்கள் சிவக்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். அந்தச் சொல் அவன் காதில் விழுந்தபோதுதான் தான் செய்தது என்ன என்று அவனுக்கு உறைத்தது. கொடுக்க வந்தவன் கைநிறைய வாங்கிக்கொண்டு நின்றான்.

இசை தொடங்கிற்று. செல்லோக்கள் வழுக்கி இறங்கின. நாற்பத்தொன்றாம் பட்டை வந்தது. இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள். முரசில் ஓர் அடி விழுந்தது. சிவக்குமார் மேடையோரத்திலிருந்து முதல் வரிசையைப் பார்த்தான். அர்த்தநாரியின் நாற்காலி காலியாக இருந்தது.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில், சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பின்னால் அரங்கத்தின் சுவர் வழியாக இசை மங்கலாக வந்துகொண்டிருந்தது. சிவக்குமார் ஓடி வந்தான். நீங்க என்று தொடங்கினான். அவரை அப்படிக் கூப்பிட்டுப் பழகாத நாக்கு தடுமாறியது.

"நல்லா இருந்துதுங்க சாமி" என்றார் அவர். "எம் புள்ளைக்கு அத்தன பேரு வாசிக்கறாங்க. அவிய எல்லாத்தையும் நான் கும்புடறேன். ஆனா நீங்க என்னையக் கேக்காம எடுத்தீங்க. இப்பக் கேக்காமத் திருப்பிக் குடுக்கறீங்க."

சிவக்குமார் மன்னிப்புக் கேட்டான். எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்றான்.

"எல்லாரும்னா ஆருங்க? சேலத்துல என்னைய எவனுக்குத் தெரியும்? இங்க சொல்றது சுலபமுங்க. வைகாசியில உங்க சித்தப்பா பொண்ணு யுவஸ்ரீக்குக் கல்யாணம் வருது. உங்க ஊட்டுப் பந்தல்ல, உங்க சனத்துக்கு முன்னால சொல்லுங்க. நடந்ததையச் சொல்லுங்க. அப்ப நான் நம்பறேன்."

அவர் காரில் ஏறவில்லை. பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று நடந்தார்.

மறு வாரமே பிரபாகர் அழைத்தார். மேடைப் பேச்சை இலட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்களாம். விளையாட்டு மறுபடி விற்கிறதாம். வழக்கறிஞர்களே படிவத்தை மாற்றிவிடலாம் என்கிறார்களாம். ஒன்பதாவது கட்டத்தில் அர்த்தநாரியின் பெயர் ஏறிற்று. அவருக்குச் சேர வேண்டிய பங்கு குறித்தும் தாள்கள் தயாராயின. குற்றத்தை ஒப்புக்கொண்டதே ஆதாயமாகிவிட்டது. சிவக்குமார் அந்தத் தாள்களைப் படித்து மடித்து வைத்தான். இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதை யாரும் பார்க்கப்போவதில்லை, பாராட்டப்போவதில்லை. அவன் உறவுக்காரர்கள் ஒருவர்கூட மறக்கப்போவதுமில்லை.

அந்தக் கல்யாண நாளில் வெளிநாட்டில் ஒலிப்பதிவு இருப்பதுபோல் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாமா என்றுகூடப் பார்த்தான். தனப்பிரியா கல்யாணத்துக்குக் கட்டவேண்டிய புடவையை அவன் கண்ணில் படும்படி எடுத்து வைத்தாள்.

வைகாசியில் சித்தப்பா வீட்டு முன்னால் பந்தல் போட்டார்கள். குமாரசாமி மகனைத் தனியே அழைத்து, சேலத்தில் ஆடிய கூத்து இங்கே வேண்டாம் என்று எச்சரித்தார். முகூர்த்தத்துக்கு முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் உறவுக்காரர்கள், எல்லாரும் சிவக்குமாரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். அர்த்தநாரி வழக்கமான இடத்தில், வழக்கம்போல் நின்றபடி வாழ்த்தைத் தொடங்கினார். ஓரடி, ஒரு தட்டு. ஓரடி, ஒரு தட்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தும் இடம் வந்தது. மத்தளக்காரர் தட்டத் தூக்கிய கையை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருந்தார்.

அர்த்தநாரி ராகத்தைப் பாடவில்லை. தம் தந்தை பாடியபடி வெறும் சொற்களைச் சொல்லிக் கடந்து அடுத்த அடிக்குப் போனார்.

மணப்பெண் யுவஸ்ரீ நெடுவழியை இருமுறை ஆடி முடித்தவள். குனிந்த தலையை நிமிர்த்தி, அந்த ராகம் எங்கே என்று கேட்டாள். பந்தலில் சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், இருபது வயதுகூட இராது, "என்ன அர்த்தநாரி, வயசாயி மறந்துபோச்சா?" என்றான். அர்த்தநாரி அவனையும் பார்க்கவில்லை, சிவக்குமாரையும் பார்க்கவில்லை. நிறுத்தாமல் பாடினார்.

சிவக்குமார் எழுந்திருக்க வேண்டிய நொடி அதுதான். எழவில்லை. எதிரே தந்தை உட்கார்ந்திருந்தார். அடுத்த அடி போனது. அதற்கடுத்த அடியும் போனது. தாலி ஏறிற்று. பூவும் அரிசியும் விழுந்தன. வாழ்த்து முடிந்து அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் கால் வரை போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான், இன்னும் நான்கு அடி அவர் நடந்துவிட்டால் தான் ஆயுளுக்கும் பேச முடியாது என்று சிவக்குமாருக்குத் தெரிந்தது.

எழுந்தான். ஒலிவாங்கி இல்லை. சேலத்தில் வந்த அழகான சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அந்த ராகம் இவருது. எங்கத்தை கல்யாணத்தன்னைக்கு, இவரு பொண்ணு அகல்யா செத்துப் பன்னெண்டாம் நாளு. வர முடியாதுன்னாரு. எங்க ஐயன் ஆள் உட்டுக் கூட்டியாந்து பாட வெச்சாரு. அழுகையைத்தான் இவரு பாடுனாரு. நாம ராகம்னு நெனச்சோம். நான் அதைய எடுத்துக்கிட்டு நம்ம ஊர்ப்பாட்டுன்னு எழுதிக் குடுத்தேன். நம்மளுது இல்லை. எப்பவும் நம்மளுது இல்லை."

யாரும் கைதட்டவில்லை. சமையல் பந்தலில் கரண்டி அண்டாவில் உரசும் ஒலி கேட்டது. தாலி ஏறிய பந்தலில் சாவுப் பேச்சா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. குமாரசாமி, "உக்காருடா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மகன் உட்காரவில்லை. அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், வாசலைத் தாண்டி வெளியே போனார். அத்தை ஸ்ரீதேவிதான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "எனக்கு ஒருத்தரும் சொல்லலியே சிவா" என்றாள். இருபத்தைந்து வருடம் தன்னை வாழ வைத்த வாழ்த்து என்று அவள் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

அர்த்தநாரி நின்று முழுதும் கேட்டார். பிறகு, யாரையும் கும்பிடாமல், நடந்து போனார். வழக்கமாகப் போகும்போது எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் போவார்.

சித்தப்பா வீட்டார் அதற்குப் பிறகு சிவக்குமாரோடு பேசவில்லை. தந்தை பேசினார், பருத்தி விலையைப் பற்றி மட்டும். அதை எல்லாம் அவன் தண்டனையாக எடுத்துக்கொள்ளப் பார்த்தான். தண்டனை என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அகல்யாவின் முகம் அப்போதும் நினைவுக்கு வரவில்லை; அதற்கு எந்தத் தண்டனையும் ஈடாகவில்லை.

ஆனியில் அவன் மறுபடி முடிதிருத்தகத்துக்குப் போனான். வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். தன் முறை வரும்வரை பெஞ்சில் காத்திருந்தான். பிறகு கேட்டான். ஆவணியில் சென்னையில் நிகழ்ச்சி இருக்கிறது. அந்த ராகத்தை அங்கே வாசிக்கலாமா, வேண்டாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றான்.

அர்த்தநாரி கத்தரியை எடுத்து, அவன் பிடரி மயிரைச் சீராக வெட்டத் தொடங்கினார்.

"ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்றார்.

ஒரு மாதம் ஆயிற்று. பிரபாகர் தினமும் அழைக்கிறார். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போக வேண்டும். அறுபத்து நான்கு பேருக்குத் தாள்கள் அனுப்ப வேண்டும். கடைசி இசை உண்டா, இல்லையா என்று கேட்கிறார். இன்னும் பதில் வரவில்லை என்கிறான் சிவக்குமார். பெயரைத்தான் போட்டாயிற்றே, இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நேற்று பிரபாகர் சலித்துக்கொண்டார். அர்த்தநாரி மறுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார்.

"மறுத்தா வாசிக்கக் கூடாது" என்றான் சிவக்குமார்.